முன்வாசலால் வருபவர்

அவர் முன்வாசலால்தான் வருவார். அவரைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்தது அதுதான். மற்றதெல்லாம் அதற்குள் வரும்.

நான் அப்போது தென் லண்டனில் ஒரு புதுக் கட்டடத்தில் வாசல் மேசையில் இருந்தேன். செக்கியூரிட்டி வேலை. நோர்பரியிலிருந்து விடிய பஸ் எடுத்துப் போவேன். கட்டடத்துக்கு இரண்டு வாசல். முன்பக்கம் கண்ணாடிக் கதவு, பளிங்கு நிலம், சோபா, பெரிய பூச்சாடி. வீட்டை விலைக்கு வாங்கியவர்களுக்கு அது. பக்கத்து ஒழுங்கையில், குப்பை அறையோடு ஒட்டி ஓர் இரும்புக் கதவு. அது கவுன்சில் ஆட்களுக்கு. அந்த நிலத்தில் முன்னர் கவுன்சில் வீடுகள் இருந்தன. அவற்றை இடித்துத்தான் இதைக் கட்டினார்கள். பழைய ஆட்களுக்கும் இதிலே வீடு தருவோம் என்றார்கள். தந்தார்கள். வாசல்தான் வேறு.

இரண்டு பக்கத்துக்கும் நடுவில், என் மேசைக்குப் பின்னால், ஒரு கதவு இருந்தது. அதைத் திறந்தால் மற்றப் பக்கத்து லிப்ட். அதைப் பூட்டியே வைக்க வேண்டும். வேலையில் சேர்ந்த அன்று முதலில் சொன்னது அதுதான்.

அவர் மற்றப் பக்கத்து ஆள். ஆறாம் மாடி. கறுப்பினப் பெண். வயது எண்பதுக்கு மேல். எவ்வளவு மேல் என்று நான் கேட்கவில்லை. நீலக் கோட்டு, தொப்பி, கையில் ஒரு சாமான் பை. இரண்டு முழங்காலும் பழுது.

முதல் நாள் மழை. பெல் ஒரு தரம் அடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார். ஸ்பீக்கரில் கேட்டேன்.

"யாரைப் பார்க்க வந்தனீங்கள்?"

"என்னை."

"விளங்கேல்லை, மேடம்."

"ஆறாம் மாடியில இருக்கிறன். நான் வீட்டில நிக்கிறனோ எண்டு ஒருக்கா கேட்டுப் பாருங்கோ."

நாங்கள் பேசியது இங்கிலீஷ்தான். எனக்கு வருகிற இங்கிலீஷ். ஆனால் என் காதில் அவர் பேச்செல்லாம் எங்கள் தமிழாகத்தான் கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"உங்கட வாசல் அங்கால, ஒழுங்கைக்குள்ள," என்றேன்.

"தெரியும். பார்த்தனான்."

சத்தம் போடவில்லை. கதவைத் தட்டவில்லை. நின்றார். தொப்பியிலிருந்து தண்ணி வடிந்தது. நான் கதவைத் திறந்தேன். நடுக் கதவையும் திறந்தேன். அவர் லிப்டுக்குப் போனார். பளிங்கில் ஈரச் சப்பாத்தின் அடையாளம். துடைத்தேன்.

அடுத்த நாள் மழை இல்லை. ஆனாலும் வந்தார்.

நான் இல்லாத நாட்களில் மற்றவர்கள் திறக்க மாட்டார்கள். அப்போதும் அவர் ஒழுங்கைக்குப் போக மாட்டார். யாராவது வீட்டுக்காரர் வந்து கதவு திறக்கும்வரை நிற்பார். அவர்கள் பின்னால் உள்ளே வருவார். பிறகு நடுக் கதவுக்கு முன்னால் நிற்பார். எவ்வளவு நேரமும் நிற்பார். எப்படி நிற்க ஏலும் என்று ஒருநாள் கேட்டேன்.

"மியூசிக் பாண்டில வாசிக்கிறவைக்கு நிக்கிறதுதான் பாதி வேலை. எங்கட முறை வருமட்டும் எண்ணிக்கொண்டு இருக்கோணும். சும்மா நிக்கிற மாதிரித்தான் தெரியும். எண்ணிக்கொண்டுதான் நிக்கிறன்."

அவர் வாத்தியக்காரி என்று அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது. பியானோ. கரீபியன் தீவொன்றிலிருந்து கப்பலில் வந்தவர். இந்த நாட்டில் ஆண்களின் பாண்டுக்கு முன்னால் நின்று நடத்திய முதல் கறுப்பினப் பெண்களில் ஒருவர். ரேடியோவில் வாசித்திருக்கிறார். பிறகு, தன் ஆட்களுக்கு டிக்கெட் கொடுக்காத மண்டபங்களில் வாசிக்க மாட்டேன் என்றாராம். அந்தக் காலத்தில் அப்படியான மண்டபங்கள்தான் அதிகம். வேலை நின்றுவிட்டது. வீடு வாடகைக்குக் கொடுக்க மாட்டோம் என்று கறுப்பின ஆட்களைத் திருப்பி அனுப்பும் வீடுகளுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். கறுப்பின ஆட்களுக்குப் பஸ் வேலை தர மறுத்தபோது, வேலை கேட்டு நின்றவர்களோடு போய் நின்றிருக்கிறார். ஒருதரம் பொலிஸ் பிடித்திருக்கிறது. வேலை இல்லாத வருடங்களில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைத்தாராம்.

"அதுக்கும் முன்வாசலாலதான் போனனீங்களோ?" என்று கேட்டேன்.

"பின்ன? தும்புக்கட்டையும் வாளியும் கொண்டு முன்வாசலால போனன். ஹெட்மாஸ்டர் கதவு திறந்து விட்டவர். நல்ல மனிசன்."

இதெல்லாம் ஒரே நாளில் சொன்னதில்லை. லிப்ட் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது. மற்றப் பக்கத்து லிப்ட் ஒன்றுதான். அதுவும் அடிக்கடி பழுது. அப்படியான நாட்களில் சோபாவில் இருப்பார். சோபாவில் இருக்க விடக்கூடாது என்றும் கட்டளை. நான் காணாத மாதிரி கமெராத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் பெயர் நீளம். மற்றவர்கள் முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்துவார்கள். அவர் முழுதும் சொல்வார். இரண்டு கிழமை பழகிப் பழகிச் சரியாக்கினார். "பெயரைப் பாதியில வெட்டினால் ஆளையும் பாதியாத்தான் பாப்பினம்," என்பார்.

முதல் ஆள், முதல் ஆள் என்று ரேடியோவில் ஒருமுறை அவரைப் பற்றிச் சொன்னார்களாம். அதைச் சொல்லிச் சிரித்தார். "முதல் ஆள் எண்டால் கதவைத் திறக்கிற ஆள் எண்டு நினைக்கினம். இல்லை. கதவு வந்து மூஞ்சையில அடிபடுற ஆள். திறக்கிறது பிறகு, வேற ஆக்களுக்கு."

ஒன்றை நான் கவனித்தேன். பஸ் தரிப்பு ஒழுங்கைப் பக்கம். இரும்புக் கதவு அதற்குக் கிட்ட. படியும் இல்லை. முன்வாசலுக்கு வரக் கட்டடத்தைச் சுற்ற வேண்டும், மூன்று படி ஏற வேண்டும். அந்த முழங்காலோடு சுற்றி வருவார். படியில் ஒவ்வொரு காலாக வைப்பார். மேலே வந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்குவார். பிறகுதான் பெல். மூச்சு வாங்கிக்கொண்டு பெல் அடித்ததை நான் கண்டதில்லை.

"இண்டைக்கு ஒருக்கா அங்காலப் பக்கத்தால போகலாம்தானே," என்றேன் ஒருநாள். குளிர் கடுமை.

"போகலாம். எனக்கும் ஆசைதான்." கையுறையைக் கழற்றினார். "எனக்கு வீரம் ஒண்டும் இல்லை. உங்கட வயசில இருந்தது. இப்ப களைப்புத்தான். களைப்போட வாறன்."

தன் பக்கத்து ஆட்களை அவர் குறை சொன்னதில்லை. அவர்கள் எல்லோரும் இரும்புக் கதவால்தான் போனார்கள். ஐந்தாம் மாடியில் ஒரு சோமாலியப் பெண், மூன்று பிள்ளைகளோடு. அவள் அவரைக் கண்டால் தலையில் கை வைப்பாள். "மாமி, ஏன் இந்தச் சுத்து? கதவு கதவுதானே" என்பாள். அவள் போன பிறகு அவர் சொன்னார்: "அதுக்குக் கை நிறையப் பிள்ளையள். எனக்கு ஒரு பைதான். நிக்க ஏலுமான ஆள்தான் நிக்கோணும்."

ஒருதரம் பை பாரம் என்று வேலை முடிந்து மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். சின்ன அறை. பியானோ இல்லை. பழைய வீட்டிலிருந்து இடம் மாறும்போது அது போய்விட்டது. மேசையில் ஒரு மின்சாரக் கீபோர்ட். காதில் ஹெட்போன் போட்டுத்தான் வாசிப்பார். சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. நான் நிற்கும்போதே வாசித்தார். எனக்குக் கேட்டது கட்டையில் விரல் படும் சத்தம் மட்டும். டக், டக்கென்று. நான் அவர் வாசித்துக் கேட்டது அவ்வளவுதான்.

மேல் மாடி ஆள் ஒருவர் முறைப்பாடு கொடுத்தார். நாய் வைத்திருப்பவர். முன்வாசலுக்கு நாங்கள் கட்டணம் கட்டுகிறோம், கட்டாதவர்கள் ஏன் சோபாவில் இருக்கிறார்கள் என்று. எங்கள் மேற்பார்வையாளர் வந்தார். அவரும் தமிழ். பிரான்ஸில் இருந்து பிறகு லண்டனுக்கு வந்தவர். என்னை விட இளமை. கெட்ட ஆள் என்று சொல்ல மாட்டேன். லீவு கேட்டால் தருவார்.

"அண்ணை, உங்களுக்கு ஏன் தேவையில்லாத வேலை? அந்தக் கிழவிக்குத் தனி வாசல் இருக்குத்தானே."

"இருக்கு."

"பின்ன ஏன் திறக்கிறியள்?"

"பெல் அடிக்கிறா."

"பெல் அடிச்சா? நானும் அடிக்கிறன், எனக்கு மேல் மாடியில ஒரு வீடு தாருங்கோவன்." தானே சிரித்தார். பிறகு மேசையில் சாய்ந்துகொண்டு கேட்டார். "அது சரி, அண்ணை ஊரில எவடம்?"

"யாழ்ப்பாணம்."

"யாழ்ப்பாணத்தில?"

"பக்கத்தில."

"பக்கத்தில எண்டால்?"

லிப்ட் மணி அடித்தது. யாரோ ஒருவர் பார்சல் கேட்டார். நான் எழும்பிப் போனேன். திரும்பி வரும்போது மேற்பார்வையாளர் போனில் இருந்தார். போகும்போது சொன்னார். "இனித் திறக்க வேண்டாம். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

அடுத்த நாள் பெல் அடித்தது. திறந்தேன்.

அந்தக் கிழமைதான் ஒருநாள் முழுக்க லிப்ட் பழுது. அவர் சோபாவில் இருந்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

"எல்லாரும் என்னட்டை ஏன் எண்டு கேப்பினம். நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை."

"தெரியும், மேடம்."

"என்னெண்டு தெரியும்?"

சுற்றிப் பார்த்தேன். தமிழர் யாரும் இல்லை. சொன்னேன். ஊரில் எங்கள் ஆட்கள் பெரிய வீடுகளுக்கு முன்வாசலால் போவதில்லை. பின்பக்கத்தால் போய் வளவுக்குள் நிற்க வேண்டும். கூப்பிட்டால்தான் பேச வேண்டும். அப்பா அப்படித்தான் நின்றார். சின்ன வயதில் நானும் அவர் பக்கத்தில் நின்றேன். லண்டனுக்கு வந்து இத்தனை வருடத்தில் இதை நான் ஒருவருக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இங்கிலீஷில் சொல்ல லேசாக இருந்தது.

அவர் கோப்பையை வைத்தார். "அந்த வீட்டுக்காரர் வெள்ளையளோ?"

"இல்லை. எங்கட நிறம்தான். எங்கட மொழிதான்."

"அப்ப என்னெண்டு ஆளை அடையாளம் பிடிப்பினம்?"

"எவடம் எண்டு கேப்பினம்."

"எங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. எங்களைக் கேக்கத் தேவையில்லை," என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். பெரிதாக இல்லை.

பிறகு கட்டடத்து ஒபிஸுக்கு அவர் யார் என்று தெரிய வந்தது. பழைய பாட்டுக்காரர்களைப் பற்றிய ஏதோ ரேடியோ நிகழ்ச்சி. ஒபிஸில் ஓர் இளம் வெள்ளைக்காரப் பெண். கெட்டிக்காரி. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாசலில் அவருடைய பெரிய படம் மாட்டலாம் என்றாள். முன்பக்கத்து வீட்டுக்காரர் கூடும் அறைக்கு அவர் பெயர் வைக்கலாம் என்றாள். ஒரு சின்ன விருந்து. படத்தை நான்தான் ஏணியில் ஏறி மாட்டினேன். கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை உடுப்பில் இளம் பெண், பியானோவுக்கு முன்னால், பல் தெரியச் சிரிக்கிறாள்.

விருந்தில் எல்லோரும் படத்தைப் பார்த்து நின்றார்கள். அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்டைக்குச் சப்பாத்துக்குள்ள தண்ணி," என்றார். "சிரிக்கிறன் எண்டு நினைக்கினம். குளிரில பல்லுக் கிட்டினது."

படம் எடுத்தது ஒரு பெரிய ஹோட்டலிலாம். பாண்ட் ஆட்கள் குசினி வாசலால் வர வேண்டும். வெள்ளை ஆட்கள் உட்பட. ஆனால் வெள்ளை ஆட்கள் வாசித்து முடிய முன்பக்கத்தால் போய் விருந்தாளிகளோடு குடிக்கலாம். இவருக்கு ஏலாது. அன்று அவர் முன்வாசலில் நின்றுவிட்டார். மழை. உள்ளே ஆட்கள் ஆட வந்து காத்துக்கொண்டிருந்தார்கள். பாண்ட் ஆட்கள் அவர் இல்லாமல் தொடங்க மாட்டோம் என்றார்கள். கடைசியில் யாரோ வந்து கதவைத் திறந்தார்கள். வாசித்தார். அந்த ஹோட்டல் பிறகு அவரைக் கூப்பிடவில்லை.

"குசினி வாசல் சூடாயிருக்கும். அதுதான் மோசம்," என்றார். "சமைக்கிற ஆக்கள் நல்ல ஆக்கள். கோழிக்கால் ஒண்டு தருவினம். கதிரை தருவினம். கொஞ்சக் காலம் போக, நான்தான் இதால வர விரும்பினனான் எண்டு எனக்கே தோன்றத் தொடங்கினது. அதுக்குத்தான் பயந்தனான்."

ஒபிஸ் பெண் கைதட்டி எல்லோரையும் கூப்பிட்டாள். ஒரு சின்னப் பெட்டியை அவரிடம் கொடுத்தாள். உள்ளே ஃபொப். முன் கதவில் காட்டினால் திறக்கும் பிளாஸ்டிக் துண்டு, சாவி மாதிரி. நடுக் கதவையும் அது திறக்கும் என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். நாய்க்காரரும் தட்டினார்.

"எங்கட பக்கத்தில எல்லாருக்கும் வருமோ?" என்று அவர் கேட்டார்.

அந்தப் பெண் சிரித்தாள். "முதல்ல உங்களிலயிருந்து தொடங்குவம்."

"சரி," என்றார். ஃபொப்பைப் பைக்குள் போட்டார். நன்றி சொன்னார்.

வயது போய்விட்டது, களைத்துவிட்டார், கிடைத்ததை எடுத்துக்கொண்டார் என்று நினைத்தேன். பிழை சொல்லவும் மனம் வரவில்லை. அன்று அவரை யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. அங்கே பியானோவும் இருக்கவில்லை.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விடும் நேரம் அவர் லிப்டால் கீழே வந்தார். கையில் மடக்கும் முக்காலி. ஃபொப்பைக் காட்டினார். கண்ணாடிக் கதவு திறந்தது. முக்காலியைக் கதவு நிலையில் விரித்து அதில் இருந்தார். கதவு மூட வந்து முக்காலியில் முட்டித் திரும்பிப் போனது. திரும்ப வந்தது, திரும்பிப் போனது.

சோமாலியப் பெண் பிள்ளைகளோடு ஒழுங்கைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். அவர் கை காட்டினார்.

"இதால வா."

"மாமி, வேண்டாம். பிறகு கரைச்சல்."

"எனக்குத்தானே திறப்பு தந்தவை. நான் பிடிச்சுக்கொண்டிருக்கிறன். கெதியா வா, குளிருது."

பிள்ளைகள் முதலில் ஓடி வந்தார்கள். பிறகு அவள். பிறகு ஒரு வங்காளிக் குடும்பம். பிறகு கைத்தடியோடு ஒரு கிழவர். கதவைப் பிடித்திருந்தவர் தன் ஃபொப்பைத் தந்தார், அதால் நடுக் கதவை நான் திறந்தேன். அவர் முக்காலியில் இருந்து எழும்பவில்லை.

அடுத்த நாளும் அப்படி. அதற்கு அடுத்த நாளும். பனிக்காற்று உள்ளே வரும். பூச்சாடியில் இலை விழும். அவர் கழுத்துத் துணியை மூக்குவரை சுற்றிக்கொண்டு இருப்பார். கண் மட்டும் தெரியும். இரண்டு தரம் இருமுவார். ஆட்கள் வந்து முடிய முக்காலியை மடிப்பார். மடிக்க நேரம் எடுக்கும். நான் போய் மடித்துக் கொடுப்பேன்.

"நாளைக்கு நிக்காதேங்கோ," என்றேன்.

"நான் நிக்கேல்லை. இருக்கிறன்," என்றார்.

முறைப்பாடு வந்தது. முன் கூடம் குளிர் என்று. மேற்பார்வையாளர் வந்தார். இந்தமுறை சிரிக்கவில்லை.

"அண்ணை, அவவின்ர ஃபொப் நம்பர் கம்ப்யூட்டரில இருக்கு. அதை நிப்பாட்டி விடுங்கோ. ஒரு பட்டன்தான்."

"ஏலாது."

"ஏலாதோ, தெரியாதோ?"

"தெரியும். ஏலாது."

"அண்ணை, நான் பகிடிக்குச் சொல்லேல்லை. மேலயிருந்து சொல்லிப்போட்டாங்கள். நீங்கள் அடிக்காட்டி நான் அடிப்பன். கதவு பூட்டத்தான் போகுது. உங்கட வேலைதான் போகும். எந்த நாட்டுக் கிழவியோ. உங்களுக்கு என்ன உறவோ?"

கழுத்தில் தொங்கிய கார்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். கம்பனிக் கோட்டையும் கழற்றினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையை ஆட்டினார்.

"இப்ப விளங்குது, அண்ணை எவடமெண்டு."

"ஓம்," என்றேன். "விளங்கினால் சரி."

வீட்டுக்கு நேரத்தோடு போனேன். மனிசி குசினியில் நின்றாள்.

"என்ன, ஷிப்ட் இல்லையோ?"

"வேலை போட்டுது."

"ஏன்?"

"கதவொண்டு பூட்டச் சொன்னவை. பூட்டேல்லை."

"என்ன கதவு?"

சொன்னேன். அவளும் எங்கள் ஆட்களில் ஒருத்திதான். கறிச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். "சரி, கை கழுவிக்கொண்டு வாங்கோ," என்றாள். சோறு போட்டாள். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. அவர் வெளியே படியில் முக்காலியைப் போட்டு இருந்தார். ஃபொப் காட்டினால் சிவப்பு வெளிச்சம். மேசையில் புதுப் பெடியன் ஒருவன், அப்டன் பார்க்கிலிருந்து வருகிறவன். எங்களைப் பார்த்தான், போனைப் பார்த்தான், திறக்கவில்லை. அவனுக்கும் வீடு, செலவு இருக்கும். உள்ளே சுவரில் அவர் படம் தெரிந்தது.

"இண்டைக்கு வேலை இல்லையோ?" என்று கேட்டார். என் சாதாரணக் கோட்டைப் பார்த்திருப்பார்.

"இனி இல்லை."

நிமிர்ந்து பார்த்தார். "என்னாலயோ?"

"இல்லை. என்னால."

"அப்ப சரி. இல்லாட்டி மன்னிப்புக் கேக்க வேண்டி வரும். எனக்கு அது அவ்வளவு பழக்கமில்லை."

பக்கத்தில் நின்றேன். சோமாலியப் பெண் பிள்ளைகளோடு ஒழுங்கை முகப்புக்கு வந்தாள். எங்களைப் பார்த்தாள். ஒழுங்கைக்குள் திரும்பினாள். நான்கைந்து எட்டு வைத்திருப்பாள். பிறகு பிள்ளை வண்டியைத் திருப்பிக்கொண்டு எங்களிடம் வந்தாள். ஏச்சோடுதான் வந்தாள். "மாமி, உனக்கு விசர் பிடிச்சிட்டுது. எனக்கும் விசர். பிள்ளையளுக்குப் பசி." சொல்லிக்கொண்டே படியில் இருந்தாள். பிள்ளைகள் கண்ணாடியில் மூச்சு விட்டுப் படம் கீறினார்கள். வங்காளிக் குடும்பமும் வந்தது. யாரும் ஒன்றும் கத்தவில்லை. சுலோகப் பலகை பிடிக்கவில்லை. வீட்டுக்குப் போக நின்றோம், அவ்வளவுதான்.

நாய்க்காரர் வந்தார். கதவைத் திறந்தார். நாய் உள்ளே போனது. அவர் எங்களைப் பார்த்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவா விடவா என்று நின்றார். பிறகு விட்டுவிட்டுப் போனார். கதவு மூட முதல் சோமாலியப் பெண் காலை வைத்தாள்.

அப்படிப் பல நாள். சில நாள் உள்ளே போவார்கள். சில நாள் கூடத்தில், பூட்டின நடுக் கதவுக்கு முன்னால் நிற்பார்கள். வீடு பார்க்க வருகிறவர்கள் இவர்களைத் தாண்டித்தான் வர வேண்டும். எனக்குக் குரோய்டனில் பாண் பேக்கரியில் வேலை கிடைத்தது. பிறகு போக நேரம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போய் அவர் சாமான் பையைத் தூக்கிக் கொடுப்பேன். மெலிந்துகொண்டு போனார். இருமல் மாறவில்லை.

"போதும், மேடம்," என்றேன். "மற்ற ஆக்கள் நிக்கினம்தானே. நீங்கள் மேல படுங்கோ."

"படுக்கத்தான் போறன்," என்றார். "பதினாறு வயசிலயிருந்து படுக்கத்தான் பாக்கிறன்."

பனிக்காலம் முடிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சோமாலியப் பெண்தான் போன் பண்ணிச் சொன்னாள். திரும்பி வரவில்லை.

தேவாலயம் நிறைந்த ஆட்கள். வாத்தியக்காரர்கள், அவரிடம் பியானோ படித்தவர்கள், பழைய பஸ் கண்டக்டர்கள். பலர் பேசினார்கள். முதல் ஆள், முதல் ஆள் என்று. ஒபிஸ் பெண்ணும் வந்து அழுதாள். அவள் பொய்க்கு அழவில்லை. நான் பின்னுக்கு நின்றேன். பழக்கம்.

அதற்குப் பிறகும் அவர்கள் ஒழுங்கைக்குத் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டேன். முக்காலி இல்லை, அவர் இல்லை. பள்ளிக்கூடம் விட்டால் எல்லோரும் முன் படிக்கு வந்து நிற்பார்களாம். கடைசியில் கம்பனிக்குத்தான் களைத்தது. நியாயம் விளங்கித் திறந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடிக்கு முன்னால் ஆட்கள் நின்றால் வீடு விற்பது கஷ்டம். ஒரு நாள் எல்லோருக்கும் ஃபொப் கொடுத்தார்கள். நடுக் கதவின் பூட்டைக் கழற்றினார்கள். இரும்புக் கதவு இப்போது குப்பை எடுக்கிறவர்களுக்கு மட்டும்.

போன மாதம் அந்தப் பக்கம் போக வேண்டி வந்தது. பின்னேரம். முன்வாசலுக்கு எதிர்ப் பக்கத்துத் தரிப்பில் பஸ்ஸுக்கு நின்றேன். பள்ளிக்கூடம் விட்டிருந்தது. ஒரு கூட்டம் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி எட்டி ஃபொப்பைக் காட்டிக் கதவைத் திறந்தாள். மற்றவர்கள் இடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஒருவரும் கதவைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த படத்தையும் பார்க்கவில்லை. மேசையில் இருந்த பெடியன் எழும்பி, ஓட வேண்டாம் என்று கத்தினான். அவர்கள் கேட்கவில்லை.